சோப்பு டப்பாவில் நான்கு ஊசிகள்

"ஊசி மழுங்கிடுச்சும்மா. அதுக்குப் போயி ஒரு பெரிய பேரு வைக்காத."

சென்ற ஆண்டு என் ஆய்வுக் குழுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் சொன்னது இது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டு பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுக்கிற நேரத்தில் சொன்னார். அதனால்தான் அதிகமாக வலித்தது.

என் வேலை ஊசி செய்வது. மெல்லிய டங்ஸ்டன் கம்பியைக் காஸ்டிக் சோடா கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், கம்பி கரைந்து மெலிந்து, கீழ்ப்பாதி அறுந்து விழும். மேலே மிஞ்சுவதுதான் ஊசி. அதன் முனையைக் கண்ணால் பார்க்க முடியாது. அந்த ஊசியை வெற்றிடத்தில் வைத்து சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால், உலோகத்தைச் சூடாக்காமலே முனையிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியே வரும். புல உமிழ்வு என்பார்கள். வோல்டேஜை ஏற்ற ஏற்ற மின்னோட்டம் கிடுகிடுவென்று ஏறும். அதற்கென்று ஒரு வரைபட முறை இருக்கிறது. அதில் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் உட்கார வேண்டும்.

என் புள்ளிகள் உச்சியில் உட்காரவில்லை. கோடு தொய்ந்தது. வெளியே வந்துவிட்ட எலக்ட்ரான்கள் முனைக்கு எதிரிலேயே கூட்டமாக நின்று, பின்னால் வருகிறவற்றைத் தள்ளுகின்றன, அதனால்தான் தொய்வு என்றேன் நான். வெளி மின்னூட்டம், ஸ்பேஸ் சார்ஜ். அதெல்லாம் இல்லை, முனை சூட்டில் உருகி மழுங்கிவிட்டது என்றார் அவர். மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எங்கள் கல்லூரியில் இருப்பது தொடர்ந்து வோல்டேஜ் கொடுக்கும் கருவி. அதில் முனை சூடாகத்தான் செய்யும். கண் இமைப்பதில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வோல்டேஜ் கொடுத்து நிறுத்துகிற துடிப்புக் கருவி வேண்டும். அது திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. ஒரு வாரம் தருகிறோம், வா என்றார்கள்.

எங்கள் ஊர் தோவாளையிலிருந்து திருவனந்தபுரம் ஒன்றும் வெளிநாடு இல்லை. என் அம்மா கட்டும் மாலைகள் தினமும் டெம்போ ஏறி அங்கே போகின்றன. நானும் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று போயிருக்கிறேன். ஆனால் என் வேலைக்காக, என் பெயருக்கு வந்த கடிதத்தோடு போனது இதுவே முதல்முறை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தக் கடிதத்தை அம்மா வாங்கி, தலைகீழாக இல்லை என்று என்னிடம் உறுதி செய்துகொண்டு, சாமி படத்துக்குக் கீழே ஒரு நாள் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை. நான்கு ஊசிகளை ஒரு ரப்பர் துண்டில் வரிசையாகக் குத்தி, அதை சோப்பு டப்பாவுக்குள் ஒட்டி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். முனை எதன்மீதும் படக்கூடாது. ரயிலில் ஒன்றும் ஆகவில்லை. கிழக்கே கோட்டை பஸ் நிலையத்தில் ஏறிய பேருந்தில்தான் சோதனை. பக்கத்தில் காலி மீன் பாத்திரத்தோடு உட்கார்ந்த விழிஞ்ஞத்துக்கார அம்மா, நான் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருப்பதை மூன்று நிறுத்தம் வரை பார்த்தார்.

"அதுக்குள்ள என்ன மோளே, பாம்பா?" என்றார் மலையாளத்தில்.

"ஊசி அம்மா. ரொம்பக் கூர்மை."

"ஊசிக்கா இந்தப் பிடி? நான் கத்தியையே இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறுகிறேன்!"

முன் இருக்கைப் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிடியைத் தளர்த்தாமல்.

இத்தனை பத்திரமாகக் கொண்டுபோனதை ஆய்வுக்கூட வாசலில் காவலர் கெடுத்தார். வருகைப் பதிவேட்டில் "ஆய்வு மாணவி" என்று என் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் டப்பாவைத் திறந்து, ஓரத்தில் இருந்த நான்காவது ஊசியின் முனையில் விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டார்.

"குத்தவே இல்லையே" என்றார், என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று பரிதாபப்படும் குரலில்.

குத்தாது. அவர் தோல் தெரிந்துகொள்வதற்கு முன்பே முனை வளைந்திருக்கும். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் சாஜன். கோயம்புத்தூரில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர், தமிழ் பேசக் கிடைத்த வாய்ப்பை விடுவதாக இல்லை. "நாலு ஊசிக்கு இடம் உண்டு மாடம். மூணு வச்சா ஒரு சீட்டு காலியா போகும். அதையும் வைக்காமே இருக்கறதெந்துக்கு?" என்றார். சரிதான். நான்காவது ஊசியை மறுபடி கரைசலில் கொஞ்ச நேரம் முக்கி, வளைந்த பகுதியைக் கரைத்து எடுத்தேன். சுத்தமான முனை வந்தது, ஆனால் மற்றவற்றைவிட மழுங்கல். நான்கையும் சுழலும் தாங்கியில் பொருத்தி, கலத்தை மூடி, பம்ப்பைப் போட்டோம். காற்று முழுவதும் வெளியேற புதன்கிழமை ராத்திரி ஆகும் என்றார் சாஜன்.

தங்கியது ஸ்ரீவராகத்தில், விசாலம் மாமி வீட்டு மாடி அறையில். எங்கள் கல்லூரி ஆசிரியை ஒருவருக்குத் தெரிந்த வீடு. மாமிக்குக் கேள்விகள் அதிகம், பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமை குறைவு. "ஊசி பண்றதுக்காக்கும் டாக்டர் பட்டம் தரா? நன்னாருக்கு. என்னோட நாத்தனார் ஊசி தொலைக்கறதுக்கே பிறந்தவ, அவளுக்கு என்ன தருவாளோ" என்றார். சாப்பாட்டு மேஜையில் இளஞ்சிவப்பாக வெந்நீர் இருந்தது. குழாய் துருவென்று நினைத்து நான் தயங்க, "பதிமுகம்னு ஒரு மரப்பட்டை போட்ட வெள்ளம்டி அது, குடி, ஒண்ணும் பண்ணாது" என்று அதட்டினார். எங்கள் வீட்டில் சீரகத் தண்ணீர். நிறம் இல்லாத தண்ணீரை நம்பும் வழக்கம்.

செவ்வாய்க்கிழமை மழை. வேலை இல்லாததால் சும்மா பேருந்தில் சுற்றினேன். பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி தின்றேன், இரண்டு. இந்த ஊரில் ஒரு பழக்கம் கண்டேன்: யாரும் நனைவதற்குச் சம்மதிப்பதில்லை. பேருந்திலிருந்து இறங்குகிறவர் கடைசிப் படியில் நின்று குடையை விரித்துவிட்டுத்தான் தரையில் கால் வைக்கிறார். இறங்கியவரும் நகராமல், வாசலுக்கு எதிரிலேயே புடவைக் கொசுவத்தைச் சரிசெய்கிறார். பத்துக் குடைகள் விரிந்ததும் பதினோராவது ஆளுக்கு வெளியே இடமில்லை. கண்டக்டர் உள்ளிருந்து தள்ளுகிறார், குடைகள் வெளியிலிருந்து தள்ளுகின்றன. "முதல்ல இறங்கு, அப்புறம் விரி!" என்று அவர் கத்த, "நனைஞ்சா உன் அம்மையா வந்து துவட்டுவா?" என்று ஒரு குடை பதில் சொன்னது.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வருடமாக நான் சொல்லி யாருக்கும் விளங்காத என் ஆய்வு அந்தப் படியில் நடந்துகொண்டிருந்தது. வெளியேறியவர்கள்தான் வெளியேறுவதைக் கடினமாக்குகிறார்கள். கண்டக்டர் இன்னும் பலமாகத் தள்ளினால் இன்னும் சிலர் இறங்குவார்கள். ஆனால் தள்ளிய அளவுக்கு இல்லை. வாசல் மட்டும் அகலமாக இருந்தால் இந்த நெருக்கடி இத்தனை சீக்கிரம் வராது.

வியாழக்கிழமை அளக்கத் தொடங்கினோம். என் திட்டம் எளிமையானது. முதல் ஊசியில் வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றுவது, பிறகு அதே படிகளில் இறக்குவது. நடுவில் முனை மழுங்கியிருந்தால், இறங்கும் புள்ளிகள் ஏறிய புள்ளிகள்மேல் விழாது. விழுந்தால், முனை அப்படியே இருக்கிறது என்று அர்த்தம்.

ஏற்றினேன். நேர்கோடு. மேலே போகப் போக, அதே தொய்வு. இறக்கினேன். ஒவ்வொரு புள்ளியும் ஏறிய புள்ளியின் தலையில் போய் உட்கார்ந்தது. மழுங்கவில்லை!

என் வழிகாட்டிக்கு "வந்துவிட்டது சார்" என்று செய்தி அனுப்பினேன். அம்மாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு என் ஆய்வில் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான், அதை ஒரு வருடமாகக் கேட்டு வந்தாள்.

"மக்ளே, ஊசி மழுங்கிச்சா இல்லியா?"

"மழுங்கல்லம்மா."

"அப்போ அந்த சாருக்க மூஞ்சிக்கு நேரா போயி சொல்லு. போன்ல சொல்லாத."

மாமி அன்று போளியும் பால் பாயசமும் செய்தார். போளியைப் பிய்த்துப் பாயசத்தில் போட்டுப் பிசைந்து தின்பது எங்கள் பக்கக் கல்யாணங்களிலும் உண்டு. ஆனால் எனக்காக மட்டும் ஒருவர் செய்து வைத்தது அன்றுதான். நான்கு தின்றேன்.

வெள்ளிக்கிழமை, கணக்கு முழுமையாக இருக்கட்டும் என்று நான்காவது ஊசியையும் அளந்தேன். காவலர் தொட்ட ஊசி. மழுங்கல் முனை என்றால் பரப்பு அதிகம், வாசல் அகலம். அதே மின்னோட்டம் பெரிய இடத்தில் பரவி வரும். ஆகவே தொய்வு தொடங்குவதற்கு அதில் இன்னும் நிறைய மின்னோட்டம் வேண்டும்.

முதல் ஊசி தொய்ந்த அதே மின்னோட்டத்தில் இதுவும் தொய்ந்தது. கிட்டத்தட்ட அதே புள்ளி.

முதலில் ஒத்துப்போகிறதே என்று மகிழ்ந்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். பிறகுதான் உறைத்தது. இரண்டும் ஒத்துப்போகக் கூடாது. குறுகிய வாசலும் அகல வாசலும் ஒரே எண்ணிக்கையில் அடைபட்டால், அடைப்பு வாசலில் இல்லை. ஊசி மழுங்கவில்லை என்பது உண்மை. ஆனால் காரணம் ஸ்பேஸ் சார்ஜும் இல்லை. ஒன்று இல்லை என்று காட்டியதுமே மற்றது நிரூபணமாகிவிட்டதாக நானே முடிவு கட்டி, ஊரெல்லாம் சொல்லி, போளியும் தின்றாயிற்று.

மாமி என் முகத்தைப் பார்த்தார். "என்னடி, நேத்திக்குச் சிரிச்ச வாயா இது?"

"நேத்து சொன்னது தப்பு மாமி. அது வரலை."

"வரலையா? பின்னே போளியை எப்படித் திருப்பி வாங்கறது, சொல்லு!" என்றவர், நான் சிரிக்காததைக் கண்டு தட்டில் இன்னொரு கரண்டி மோர்க்குழம்பு விட்டார். "இன்னும் ஒருநாள் இருக்கோல்லியோ? தின்னுட்டுப் படு."

அம்மாவைக் கூப்பிடவில்லை. பாயில் படுத்து ஒரே கேள்வியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்: இரண்டு ஊசிக்கும் பொதுவானது என்ன? கலம், மீட்டர், பம்ப். இவற்றில் மின்னோட்டம் முழுவதும் கடந்துபோக வேண்டிய இடம் எது? கருவியிலிருந்து ஊசிக்கு வரும் வயர், அதன் நடுவில் நான் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு சாம்பல் நிறப் பெட்டி.

சனிக்கிழமை காலை சாஜன் குடையை வாளியில் வைப்பதற்குள் பிடித்துக்கொண்டேன். "சேட்டா, கருவிக்கும் கலத்துக்கும் நடுவில அந்தச் சாம்பல் நிறப் பெட்டி, அதுக்குள்ள என்ன இருக்கு?"

"அதோ? அது ஒண்ணுமில்லை மாடம். ஒரு ரெசிஸ்டர். ஸ்பார்க் வந்தா மீட்டர் கேடாகும். முன்னே ரெண்டு மீட்டர் போச்சு. பின்னே ஞான் தன்னே ஒண்ணு வச்சு."

"எங்கேயும் எழுதலையே!"

"எழுதணுமா? இவிடே எல்லார்க்கும் அறியாமே."

இங்கே எல்லோருக்கும் தெரியும். வெளியிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். மின்னோட்டம் கூடும்போதெல்லாம் அந்த ரெசிஸ்டர் வோல்டேஜில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது. ஊசிக்குப் போய்ச் சேராத வோல்டேஜையும் போய்ச் சேர்ந்ததாகவே நான் வரைந்திருந்தேன். அதன் மதிப்பைக் கேட்டு, தின்ற வோல்டேஜைக் கழித்து, இரண்டு நாள் புள்ளிகளையும் மறுபடி வரைந்தேன். இரண்டு கோடும் கடைசிவரை நேர். தொய்வு போயே போய்விட்டது.

அதாவது, ஸ்பேஸ் சார்ஜ் வரும் உயரத்தை நான் இன்னும் தொடவே இல்லை.

"ரெசிஸ்டரை எடுத்துட்டு ஏத்தலாம் சேட்டா."

"ஸ்பார்க் வந்தா ஊசியும் போகும் மீட்டரும் போகும். மீட்டர் போனா என்னோட ஜோலியும் போகும்" என்றார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, மேலதிகாரியிடம் போய்ப் பேசி, ஒரு மிகச் சிறிய ரெசிஸ்டரோடு வந்தார். பழையதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஒரு கடலை மிட்டாய் அளவுதான் இருந்தது.

இரண்டாவது ஊசியை முதலில் வைத்தேன். அவசரப்பட்டு ஏற்றினேன். கலத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நீலமாக ஒரு மின்னல். ஊசி போயிற்று. மீட்டர் பிழைத்தது. மூன்றாவது, ஏற்றும் முன்பே நிலையில்லாமல் துள்ளியது, அதை விட்டேன். மறுபடி முதல் ஊசி. இந்த முறை ஒவ்வொரு படிக்கும் நின்று, சாஜன் "ம்" என்ற பிறகே அடுத்த படி. சாப்பாட்டு நேரம் தாண்டியது. யாரோ கொண்டுவந்து வைத்த மரவள்ளிக்கிழங்குக் கப்பையும் மீன் கறியும் ஆறிக் கிடந்தன.

வியாழக்கிழமை நின்ற இடத்தைக் கோடு நேராகத் தாண்டியது. இன்னும் மேலே. இன்னும். பிறகு, மெதுவாக, சாய்ந்தது. இறக்கினேன், புள்ளிகள் தலைமேல் தலை. தாங்கியைச் சுழற்றி நான்காவது ஊசியைக் கொண்டுவந்தேன். முதல் ஊசி சாய்ந்த மின்னோட்டத்தில் அது அசையவில்லை. அதன் இரண்டு மடங்கையும் நேராகத் தாண்டியது. அதற்கு அப்புறமும் ஏறி, பிறகுதான் சாய்ந்தது. இறக்கினேன். ஒத்துப்போயிற்று.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோதுதான், ஒரு வாரமாக என் தோள்கள் காதுவரை ஏறியிருந்தது தெரிந்தது. ஆறிய கப்பையை நானும் சாஜனும் பங்கிட்டோம். அதைவிட ருசியாக நான் எதுவும் தின்றதில்லை.

"மாடம், பேப்பர் எழுதும்போ செக்யூரிட்டி பேரும் வைக்கணும்" என்றார் சாஜன். "அவர் விரல் வைக்கலைன்னா நாலாவது ஊசி ஏது?"

போகும்போது வாசலில் அந்தக் காவலரிடம் டப்பாவை நானே திறந்து காட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மன்னிக்கணும், கேட்டோ" என்றார். "இல்லை, நன்றி" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

சாஜன் சாம்பல் பெட்டியின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, உள்ளே இருப்பதன் மதிப்பைப் பெரிதாக எழுதிவிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமி மறுபடி போளி செய்து இலையில் கட்டிக் கொடுத்தார். "இது வியாழக்கிழமைக் கடன் இல்லை, புதுசு." ரயிலில் அம்மாவிடம் பேசினேன்.

"ஊசி மழுங்கிச்சா இல்லியா?"

"ஒண்ணு மழுங்கினதுதாம்மா. அதுதான் என்னைக் காப்பாத்திச்சு."

"என்னட்டி சொல்லுக?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்."

திங்கட்கிழமை காலை கல்லூரிக்குப் போனதும் ஒரு வேலை இருந்தது. சென்ற ஆண்டு குழுவில் காட்டிய அந்தப் பழைய ஊசி இன்னும் என் மேஜை டிராயரில் கிடந்தது. ஒரு வருடமாக அதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். முனையில் ஒரு சின்ன உருண்டை. உருகி, குளிர்ந்து, மழுங்கிய உருண்டை. அவர் சொன்னது சரி.

எதிர்பார்த்த அளவுக்கு அது வலிக்கவில்லை. பழைய வரைபடத்தை என் ஆய்வேட்டின் அத்தியாயத்திலிருந்து நீக்கினேன். அந்தப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன்: "ஐயா, என் பழைய ஊசியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. புதிய ஊசிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது." உருண்டையின் படம், வியாழக்கிழமை வரைந்த தவறான கோடு, அது ஏன் தவறு என்ற கணக்கு, சனிக்கிழமையின் இரண்டு கோடுகள், எல்லாவற்றையும் இணைத்தேன். நேரில் காட்ட ஒரு நாள் கேட்டேன். அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டு, புதுக் கம்பி ஒன்றை வெட்டிக் கரைசலில் தொங்கவிட்டேன்.